பருத்தித்துறைக்குக் கொண்டுபோன விதைப்பூண்டு

கொடைக்கானல் மலைப்பாதையில் ஐம்பது வருஷமாக பஸ்ஸில் ஏறி இறங்கியவள் நான். கடலில் கப்பல் ஆடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் குடல் வெளியே வந்துவிடும் போல ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த நாகப்பட்டினத்து ஜவுளிக்காரர் எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுத்தார். அவருக்கு இது எத்தனையாவது பயணமோ, காலை நீட்டித் தூங்கிக்கொண்டே வந்தார். நான் மடியில் இருந்த துணிப்பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பையில் இருந்தது ஒரு கட்டுப் பூண்டு. இரண்டு கிலோ தேறும். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

எங்கள் மலைக் கிராமம் கவுஞ்சியில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. வாழ வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தோட்டத்தில் தனிப் பாத்தி. அதில் விளைந்த பூண்டில் விதைக்கு வேண்டியதை அவளே பொறுக்கி, தாளோடு சேர்த்து, தன் பழைய சேலைக் கிழிசலால் கட்டி, அடுப்புக்கு மேலே தன் ஆணியில் தொங்கவிடுவாள். புகை ஏற ஏறப் பூண்டு கெடாது. அந்தக் கட்டை இன்னொரு கை தொடாது. வீட்டில் குழம்புக்குப் பூண்டு இல்லையென்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்போமே தவிர, தொங்குகிற கட்டிலிருந்து ஒரு பல் எடுக்க மாட்டோம். அடுத்த நடவுக்கு அவளே இறக்கி, அவளே ஊன்றுவாள்.

எங்கள் அடுப்புக்கு மேலே மூன்று ஆணி. ஒன்று எனக்கு, ஒன்று மூத்த மருமகள் பூங்கொடிக்கு, ஒன்று இளையவள் சுகந்திக்கு.

சுகந்தி இலங்கைக்காரி. பிறந்து வளர்ந்தது திண்டுக்கல் பக்கம் அகதி முகாமில். கொடைக்கானலில் ஒரு விடுதியில் சோலி பார்க்க வந்த இடத்தில் என் இளைய மகன் முருகேசன் பார்த்துப் பிடித்துக் கட்டினான். நான்கு வருஷம் இருந்தார்கள், பிள்ளை இல்லை. காரட் ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்து முருகேசன் போய்விட்டான். வருஷம் திரும்பிய பிறகு, அவள் அம்மா சொந்த ஊரான பருத்தித்துறைக்குத் திரும்புகிறாள் என்று துணைக்குப் போனாள். "ஒரு மாசத்துல வந்துர்றேன் அத்தை" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அவள் பாத்தியை நான் சும்மா போடவில்லை. ஒவ்வொரு நடவிலும் நானே ஊன்றி, நானே எடுத்து, அவள் விட்டுப்போன நீலச் சேலைத் துண்டால் கட்டி, அவள் ஆணியில் மாட்டினேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "வருவா" என்று சொல்லி வைத்திருந்தேன். இந்தப் புரட்டாசியில் போனில் அழைத்தாள். "அத்தை, கடை ஒண்ணு தொறக்கப் போறேன். நீங்க வந்து நிக்கணும்." வருகிறேன் என்றேன். கடையைத் திறந்துவிட்டு அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா, ஐப்பசி நடவுக்கு உன் கையால் ஊன்று என்று நேரில் சொல்ல வேண்டும். வாயால் சொல்வதற்கு முன்னால் அந்தக் கட்டு சொல்லிவிடும் என்று ஆணியிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டேன்.

இலங்கைக் கரையில், காங்கேசன்துறையில் இறங்கும் முன் ஜவுளிக்காரர் பையை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சி இது, கரி மூட்டையா?"

"வெதப்பூண்டு. மலைப்பூண்டு."

"விதைன்னு மட்டும் அங்க வாயத் தொறந்துராதீங்க. நடுற சாமான்னா விடமாட்டாங்க. சமையலுக்குன்னு சொல்லுங்க."

எழுபது வயதில் எனக்கு ஒருத்தன் பொய் சொல்லித் தருகிறான் என்று கோபம் வந்தது. பையின் வாயைச் சுருட்டி மூடினேன்.

சோதனை மேசையில் இரண்டு அதிகாரிகள். இளையவர் கட்டை எடுத்து முகர்ந்தார், உதறினார், மூத்தவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பின்னால் நின்ற ஜவுளிக்காரர் என் காதில் சொன்னார்: "மண்ணு இருந்தா எடுத்து வச்சிருப்பேன், மண்ணு இல்ல, புகைதான் இருக்குங்கிறார்." மூத்தவர் என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் கேட்டார்.

"அம்மா, இது நடுறதுக்கா, சமையலுக்கா?"

சேலைத் துண்டைப் பார்த்தேன். "சமையலுக்குத்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிப் பையைத் திருப்பித் தந்தார். நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது அன்று முழுக்க நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

வெளியே சுகந்தி நின்றாள். கறுத்திருந்தாள், சதை போட்டிருந்தாள். கட்டிக்கொண்டு அழவெல்லாம் இல்லை. பையை வாங்கினாள், உள்ளே நீலத் துணி தெரிந்தது. அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வெயிலா இருக்கு அத்தை, வாங்க" என்றாள்.

ஆட்டோ பாதி வழியில் பஞ்சர். மாற்றுச் சக்கரமும் பஞ்சர். ஓட்டுகிறவர் ஒரு வேலியோரம் எங்களை இறக்கிவிட்டு, "பத்து நிமிசம் அம்மா" என்று சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கம் பனைமரம், ஒரு பக்கம் கடல். எங்கள் ஊரில் இந்நேரம் பனி இறங்கி எதிர் மலை மறைந்திருக்கும். இங்கே எதுவும் மறையவில்லை. எவ்வளவு தூரம் பார்த்தாலும் தெரிந்துகொண்டே இருந்தது. எனக்கு அது பழக்கமில்லை. சுகந்தி கடையைப் பற்றியே பேசினாள். பருத்தித்துறை வடைக்கு எங்கேயும் பேர். தட்டையாக, மொறுமொறுவென்று, மாசக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கேயிருந்து பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. மூன்று வருஷம் ஒரு பெரிய கடைக்கு வடை தட்டிக் கொடுத்தவள் இப்போது இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் போடுகிறாள்.

"நல்லாப் போகுமா?" என்றேன்.

"போகும் அத்தை. எனக்குக் கை வந்துருச்சு."

அந்தப் பேச்சில் இருந்த நிமிர்வு எனக்குத் தெரிந்த நிமிர்வுதான். நல்ல விளைச்சல் எடுத்த வருஷம் நானும் அப்படித்தான் பேசுவேன்.

வீட்டில் அவள் அம்மா தவமணி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கோ சம்பந்தி. களைச்சுப் போனியள். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ." பால் ஊற்றாத தேநீர், கூடவே ஒரு துண்டுப் பனங்கட்டி, நம் கருப்பட்டிதான். பனங்கட்டியைக் கடித்து, தேநீரைக் குடிக்க வேண்டும். ராத்திரிக்குச் சிவப்பரிசிப் புட்டும் மீன் குழம்பும். உறைப்பு மண்டையில் ஏறியது. மலையில் குளிருக்குச் சாப்பிடுகிற காரத்தை இவர்கள் இந்த வெக்கையில் சாப்பிடுகிறார்கள்.

படுக்கப் போகும் முன் பூண்டுக்கட்டை எங்கே மாட்டுவது என்று பார்த்தேன். வீட்டுக்குள் கேஸ் அடுப்பு, புகை இல்லை. பின்பக்கம் ஓலைக் கொட்டகையில் வடை சுடுகிற விறகடுப்பு இருந்தது. அதற்கு மேலே குறுக்குக் கம்பில் கருவேப்பிலைக் கொத்து, மிளகாய்ப் பை, ஒரு கருவாட்டுச் சரம் எல்லாம் தொங்கின. கருவாட்டைத் தள்ளிவிட்டு, புகை நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்து நானே கட்டினேன். அடுப்புக்கு மேலே மாட்டியாகிவிட்டது, இனி யாரும் தொடமாட்டார்கள் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

இரண்டாம் நாள் வெள்ளனே எழுந்தபோது சுகந்தி ஏற்கெனவே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டோ வந்தது. சாமி ஊர்வலம் என்று நினைத்து எழுந்து நின்றேன். ரொட்டி விற்கிற வண்டி. தவமணி சிரித்துக்கொண்டே ஒரு பாண் வாங்கினாள். அங்கே ரொட்டிக்குப் பாண் என்று பேர், பூண்டுக்கு உள்ளி.

பிறகு சுகந்தி என்னை ஊருக்குள் கூட்டிப்போனாள். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். பலகைகளை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒன்றையும் விடமாட்டேன். பழைய துறைமுகத்து ஊர். எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ கட்டின சுவர்களும், கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. தெருவுக்குக் குறுக்கே கல்லால் கூரை போட்ட ஒரு மடத்துக்குள்ளேயே ரோடு போகிறது. அதன் நிழலில் நின்று மூச்சு வாங்கினேன். அந்த ஊரில் எனக்குக் குளிர்ந்த ஒரே இடம் அதுதான்.

சுவரெல்லாம் சேதி. நூல்நிலையத்துக் கூரை மாற்றக் கூட்டம். மகளிர் தையல் வகுப்பு. சலூன் புது இடத்துக்கு மாறியிருக்கிறது. இதற்கெல்லாம் நடுவில் செத்தவர்களின் படம் போட்ட தாள்கள். கீழே பிள்ளைகள் பேரும், ஒவ்வொரு பேருக்குப் பக்கத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று ஊர்ப் பேரும். எங்கள் ஊரில் சாவுக்குக் கொட்டுச் சத்தம் கேட்டால் கீழ்க்காட்டிலிருந்து ஆள் ஏறி வந்துவிடும். இங்கே அத்தனை தூரத்திலிருந்து யார் வந்திருப்பார்கள் என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"வீடியோவுல பாப்பாங்க அத்தை" என்றாள். கொஞ்சம் நடந்த பிறகு, "அம்மாவுக்கு நான் ஒருத்திதான் இங்க" என்றாள்.

நான் கேட்காத மாதிரி அடுத்த பலகையைப் படிக்க நின்றேன்.

மீன் சந்தையில் ஏலம் முடிகிற நேரம். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என் சேலைக்கட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா இந்தியாவோ?" என்றாள். சுகந்தி ஆமாம் என்றாள்.

"உங்கட ஆக்களின்ர றோலர் படகு வந்து போன கிழமை எங்கட வலை முழுக்க அறுத்துப் போட்டுது. கேட்டீங்களோ?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

"நான் மலைக்காரி, தாயி. கடலையே நேத்துத்தான் பாத்தேன். எங்க தோட்டத்துக்குள்ள காட்டுமாடு எறங்கி ஒரே ராத்திரியில மிதிச்சுட்டுப் போயிரும். காலையில போயி நின்னா ஒண்ணும் கெடக்காது. வலை போன வயிறு எப்பிடி எரியும்னு எனக்குத் தெரியும்."

அவள் முகம் இளகியது. இரண்டு மீனைக் கூடுதலாகப் போட்டுக் கட்டிக்கொண்டே, "அப்ப வலை அறுக்க வரேல்ல. மருமகளைக் கொண்டு போகத்தான் வந்தனீங்களோ?" என்று சிரித்தாள்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் மீன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கடை திறப்பு. பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். மதியம் ஐம்பது பேருக்குச் சாப்பாடு. சுகந்தி எண்ணெய் டின் எடுத்துவர வெள்ளனே போய்விட்டாள். நான் குளித்து, கரையோரக் கோயிலில் கடை பேரில் ஒரு அர்ச்சனை செய்யப் போனேன். தேங்காய் உடைக்கிறவரைக்கும் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தேன். திறப்பு நல்லபடியாக முடியட்டும், சாயங்காலம் நான் கேட்கும்போது அவள் தட்டாமல் இருக்கட்டும். இரண்டும் ஒரே வேண்டுதலில் பொருந்தவில்லை என்று எனக்கே பட்டது. பூசாரி கற்பூரத்தைக் காட்டினார், தொட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போதே வாசம் வந்தது. எனக்கு அந்த வாசம் தெரியும். உலகத்தில் எங்கே வந்தாலும் தெரியும். புகைத்த மலைப்பூண்டை உரிக்கிற வாசம்.

கொட்டகையில் தவமணியும் மூன்று பெண்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முறம். முறம் நிறைய வெள்ளை வெளேரென்று உரித்த பல். தாளும் தோலும் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. நீலச் சேலைத் துண்டு அதன் மேலே கிடந்தது.

"வாங்கோ சம்பந்தி" என்றாள் தவமணி. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "சந்தையில வாங்கின உள்ளி எல்லாம் பூஞ்சணம். என்ன செய்யிறதெண்டு நிக்கேக்க, நீங்கள் கொண்டு வந்தது மேல தொங்கினது. என்ன வாசம், என்ன உறைப்பு. இஞ்ச இப்பிடி ஒரு உள்ளி கண்டதில்லை."

அவள்மேல் என்ன குற்றம்? அவள் அடுப்புக்கு மேலே தொங்குவதெல்லாம் சமைக்கத் தொங்குவது. கருவாட்டுக்கும் மிளகாய்க்கும் நடுவில் கொண்டுபோய் மாட்டியவள் நான். இது விதை, தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சுகந்தி எண்ணெய் டின்னோடு உள்ளே வந்தாள். முறத்தைப் பார்த்தாள், நீலத் துண்டைப் பார்த்தாள். டின்னைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா. இது விதையெல்லோ. மாமி விதைக்கெண்டு கட்டினது."

பெண்களின் கை அப்படியே நின்றது. தவமணி முகம் வெளுத்தது. "ஐயோ, எனக்குத் தெரியாது பிள்ளை" என்றாள்.

சுகந்தி மண்டியிட்டு, உரிக்காமல் கிடந்த பூண்டுகளைப் பொறுக்கினாள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதைச் சேலைத் துண்டில் வைத்துச் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "மிச்சம் இருக்கு அத்தை. இது போதும், ஊனுறதுக்கு. அடுத்த வருஷம் பெருகிரும்." கவுஞ்சிப் பேச்சில்தான் சொன்னாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பூண்டு போன வருத்தம் மட்டும் அதில் இல்லை. பயம் இருந்தது. துறைமுக வாசலில் நீலத் துணியைத் தொட்டபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று நாளாக நான் வாயைத் திறக்கப் போகும் நேரத்தை எதிர்பார்த்துக்கொண்டே மாவு பிசைந்திருக்கிறாள். நான் வா என்று சொன்னால் மறுக்க மாட்டாள். அவள் அப்படிப்பட்டவள். கடையைப் பூட்டிவிட்டு, அம்மாவை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் கப்பல் ஏறிவிடுவாள். அதுதான் அவள் பயம்.

ஊரில் நான் சொல்லி வைத்த "வருவா" என்ற வார்த்தையைக் காப்பாற்ற அந்தப் பன்னிரண்டு பூண்டு போதும்.

துண்டை வாங்கினேன். அவிழ்த்து, பூண்டுகளை முறத்தில் கொட்டினேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு தவமணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கத்தியக் குடுங்க" என்றேன். "அம்பது பேருக்கு ரசம் வைக்கணும்ல. வெரசா உரிங்க."

"அத்தை, இது வெத."

"சமையலுக்குத்தான் கொண்டாந்தேன்."

மூன்று நாளில் இரண்டாவது தடவையாக அதே வார்த்தையைச் சொன்னேன். கடைசிப் பூண்டு வரைக்கும் நானே உரித்தேன். சுகந்தி எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். முதுகு குலுங்கியது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. உரித்த எல்லாருக்கும்தான் கண்ணில் தண்ணீர், அதனால் என்னை யாரும் தனியாகக் கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கடை திறந்தது. நாடாவை வெட்ட வணிகர் சங்கத் தலைவரை அழைத்திருந்தார்கள். அவர் கத்திரியை என்னிடம் நீட்டி, "மாமியார்தான் வெட்ட வேணும், பிறகு ஒரு குறையும் சொல்ல ஏலாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்டினேன். மேலே பலகையை எழுத்துக் கூட்டி வாய்விட்டே படித்தேன். சுகந்தி வடைக் கடை. ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டில் மீன்காரப் பெண்ணும் வந்திருந்தாள். மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்தாள். "இந்த உள்ளி எங்க வாங்கினது?" என்று கேட்டாள். சுகந்தி பரிமாறிக்கொண்டே, "எங்கட மாமி வீட்டு மலையில விளைஞ்சது" என்றாள்.

நான்காம் நாள் கப்பல். சுகந்தி ஒரு பை நிறைய வடைப் பொட்டலம் கொடுத்தாள். நீலத் துண்டைத் துவைத்துக் காயவைத்து மடித்து, தன் இடுப்பில் செருகியிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. காலில் விழுந்தாள். "போய்ட்டு வாரேன் தாயி" என்றேன். "எப்ப அத்தை?" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை நான்தான் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

கவுஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல பனி. டீக்கடை வாசலில் பக்கத்துத் தோட்டத்துக்காரி நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பஸ்ஸையே பார்த்தாள்.

"என்னக்கா, மருமக வரலையா?"

"அவளுக்குக் கடை இருக்கு" என்றேன். "பலகையெல்லாம் மாட்டியாச்சு. நானே படிச்சேன்."

மலைப் பனியில் வடை ஒரே நாளில் நமுத்துவிடும், புகை பட வைத்தால்தான் மொறுமொறுப்புப் போகாது. அடுப்புக்கு மேலே மூன்றாவது ஆணி காலியாக இருந்தது. வடைப் பையை அதில் மாட்டினேன். பூங்கொடி தயங்கி என்னைப் பார்த்தாள். அந்த ஆணியில் தொங்குவதை அவள் இதுவரை தொட்டதில்லை.

"எடுத்துத் தின்னுங்க" என்றேன். "எல்லாருக்கும்தான்."